கடையில் வாங்கிய லைஃப் ஜாக்கெட்

மார்ச் 3, ஞாயிறு

விடியும் முன்னே கல்லில் போய் உட்கார்ந்ததற்கு விரல் நீளத்தில் இரண்டு மீன். பூனை இருந்தாலாவது அதற்கு ஆகும். வீட்டில் பூனையும் இல்லை.

போன வாரம் இதே அலைதடுப்புக் கல்லில் ஒருவர் பாசியில் வழுக்கி விழுந்தார். நல்ல வேளை, முட்டியோடு போயிற்று. அதிலிருந்து கொழுந்தனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. லைஃப் ஜாக்கெட் வாங்கியே தீருவானாம். மெத்தை மாதிரித் தடியாக இருக்குமே, அது இல்லை. இது பட்டையாகத் தோளில் கிடக்கும். தண்ணீரில் விழுந்தால் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னக் குப்பியிலிருந்து காற்று சீறி வந்து உப்பிக்கொள்ளும். ஃபோனில் படம் காட்டினான். நல்ல சாமான்தான். ஆனால் ஆர்டரே போட்டுவிட்டானாம்.

எனக்கு வந்ததே கோபம். நேற்றுகூட நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெண், அலமாரியில் இருந்த ஃபிரேமையெல்லாம் மூக்கில் மாட்டிப் பார்த்து, பிடித்ததன் நம்பரை என் கண் முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டு, யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். என்ன யோசனை? வீட்டுக்குப் போய் ஆர்டர் போடுகிற யோசனைதான். அந்தக் கூட்டத்தில் என் கொழுந்தனுமா?

தூண்டில் கடை அண்ணன் எதையும் சோதிக்காமல் விற்க மாட்டார். தூண்டில் நரம்பு கேட்டால் ஒரு முழம் அறுத்து, வாசல் நிலையில் அடித்த ஆணியில் கட்டி, உடம்பையே பின்னால் சாய்த்து இழுத்துக் காட்டுவார். ரீல் என்றால் காதோரம் வைத்துச் சுற்றிக் கேட்பார். தூண்டில் முள்ளைக்கூட நகத்தில் கீறிப் பார்த்துத்தான் பொட்டலம் கட்டுவார். அப்படிப்பட்ட மனுஷன் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, உயிரைக் காக்கிற சாமானை முகம் தெரியாதவனிடமா வாங்குவது?

கேன்சல் பண்ணு என்றேன். அவர் கடையில் இது கிடையாதே என்று இழுத்தான். வரவழைக்க வைக்கிறேன், அது என் பொறுப்பு என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேன்சல் பண்ணினான். அண்ணி பேச்சைக் கேட்கிற பிள்ளை.

மார்ச் 5, செவ்வாய்

வேலை முடிந்து தூண்டில் கடைக்குப் போனேன். அண்ணன் இந்தச் சாமானைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம். மொத்தக் கடைக்காரனிடம் பேசினார். ஆறுக்குக் குறைந்து அனுப்ப மாட்டானாம். விற்குமா விற்காதா என்று தலையைச் சொறிந்தார். கல்லுக்கு வருகிறவர்களெல்லாம் வாங்குவார்கள், நானே சொல்லி அனுப்புகிறேன் என்றேன். சரிம்மா, உங்க பேச்சுக்காக எடுக்கறேன் என்றார்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 9, சனி

இவரோடு சண்டை. வழக்கமான சண்டைதான். மனுஷன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாழ்நாள் பூராவும் பிரேக் மிதித்த கால் அது. வீட்டில் சோபாவில் இருந்தாலும், எதற்காவது பயந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நான் தூண்டில் பையை எடுத்தாலே அழுத்துகிறது.

வழுக்குகிற கல்லில் உட்கார்ந்து அப்படி என்ன சுகம் என்று கேட்டார். ஒரு நாள் வந்து பாருங்கள் என்றேன். எனக்கு மீன் தட்டில் வந்தால் போதும் என்றார். என் தம்பியை ஏன் இழுத்துக்கொண்டு அலைகிறாய் என்றும் கேட்டார். நானா இழுக்கிறேன்? அவனல்லவா இருட்டோடு வந்து கதவைத் தட்டுகிறான்.

மார்ச் 16, சனி

ஜாக்கெட் வந்துவிட்டது! சிவப்பு நிறம். அண்ணன் அதை மடித்துப் பையில் போட்டிருந்த அழகைப் பார்க்க வேண்டும், சலவைக்கடை தோற்றது. நல்லா வேலை செய்யுதுமா, நான் பொறுப்பு என்றார். கொழுந்தன் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆன்லைனில் வாங்கியிருந்தால் இப்படிப் போட்டுப் பார்த்திருப்பாயா என்று குத்திக் காட்டினேன். சும்மா இருப்பேனா?

எனக்கும் ஒன்று எடுக்க ஆசை. அடுத்த மாதம் பார்க்கலாம். இதை இவரிடமும் சொன்னேன். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

எழுதிவிட்டால் கண்ணை மூடும்போது வராமல் இருக்குமோ என்று எழுதுகிறேன்.

அலை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கடல் தட்டு மாதிரிதான் கிடந்தது. தூண்டிலில் ஏதோ கனமாக மாட்டியது என்று கொழுந்தன் கீழ்க் கல்லுக்கு இறங்கினான். நான் வலையை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் கல் ஈரமாக இருக்கிறது, ஆள் இல்லை.

பிறகு தலை தெரிந்தது. கையை மார்புக்குக் கொண்டுபோனான். கயிற்றை இழுத்தான், நான் பார்த்தேன். இப்போ உப்பும், இப்போ உப்பும் என்று நின்றேன். மறுபடி இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். அது ஈரத் துணி மாதிரி அவன் கழுத்தில் கிடந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை — ஏன் அண்ணி என்று கேட்பது போல — ஐயோ, அதை எப்படி மறப்பேன்?

நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர்கள் ஓடிவந்து நீளக் கைப்பிடி வலையை நீட்டினார்கள். அலை அவனை இரண்டு தரம் கல்லில் அறைந்த பிறகுதான் அது கைக்குக் கிடைத்தது. விலா எலும்பு மூன்று போய்விட்டது. நுரையீரலில் உப்புத் தண்ணீர். இன்னும் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரி நடையில் இவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உன் பைத்தியத்துக்கு என் தம்பிதான் கிடைச்சானா?"

அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

மார்ச் 28, வியாழன்

டீ போட்டார். ஒரு டம்ளர். அவருக்கு மட்டும்.

மார்ச் 30, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

கொழுந்தனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பேசினால் வலிக்கிறது என்று, வேலை செய்கிற இடத்துக்குச் செய்தி அனுப்பச் சொல்லித் தன் ஃபோனை என்னிடம் கொடுத்தான். அதில் அந்தப் பக்கம் இருந்தது, நான் கேன்சல் பண்ண வைத்த ஜாக்கெட். அதே சிவப்பு, அதே கம்பெனி. மூடிவிடத்தான் போனேன். கீழே வாங்கியவர்கள் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார்: காற்றுக் குப்பி ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும், இழுத்துவிட்டால் புதுக் குப்பி மாட்ட வேண்டும், வாங்கியவுடன் குப்பி அருகில் பச்சை பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் யாரோ ஏற்கெனவே இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஈரத் துணி மூட்டை என் பையிலேயே கிடந்தது. உள்ளிருந்த ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். பச்சைத் துண்டு இல்லை. தண்ணீரில் இழுத்தபோது உடைந்திருக்குமோ? கடையில் அவன் போட்டுப் பார்த்தபோது நான் எடுத்த படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதே இல்லை.

யாரோ உபயோகித்ததை எங்கள் தலையில் கட்டிவிட்டார். அண்ணன் அண்ணன் என்று உருகினேனே, எனக்கு வேண்டும். நேராகக் கடைக்குத்தான் போனேன். படியேறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். பழசை மடித்து வைத்துப் புதுசு என்று விற்றீர்களா, உங்களை நம்பித்தானே வந்தோம் என்று என்னென்னவோ. ஜாக்கெட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இதை யார் இழுத்தது என்று கேட்டேன்.

அண்ணன் மிரண்டு போய் என்னைப் பார்த்தார். அந்தப் பதிலை என் காதால் கேட்டேன், இன்னும் நம்ப முடியவில்லை.

"நான்தாம்மா இழுத்தேன். ஆறையும் இழுத்துப் பார்த்தேன். சோதிக்காம எப்படிம்மா குடுப்பேன்? உங்க கொழுந்தனுக்குக் குடுத்ததை நானே போட்டுக்கிட்டு இழுத்தேன். என்னமா உப்புச்சு தெரியுமா."

அந்த முகத்தில் இன்னும் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சமையல் சிலிண்டர் மாதிரி, தீருகிறவரை வரும் என்று நினைத்திருக்கிறார். இழுக்கும்போது பச்சையாக ஏதோ உடைந்து விழுந்ததாம், சீல் என்று கூட்டித் தள்ளிவிட்டாராம். காற்றை வாயால் உறிஞ்சி எடுத்து, ஒவ்வொன்றாக மடித்திருக்கிறார்.

குப்பி ஒரு தடவைதான் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். புரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் திட்ட வந்தவள், தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஆன்லைனில் விற்றவன் எதையும் சோதித்திருக்க மாட்டான். அதனாலேயே அவனுடையதில் காற்று இருந்திருக்கும். அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வாசல் வரை வந்த பிறகுதான் தலையில் இடி விழுந்தது. ஆறு. மற்றதெல்லாம் எங்கே?

ஒன்று கடையிலேயே தொங்கியது. இரண்டு, வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கும் அண்ணன் தம்பிக்கு. ஒன்று முடிதிருத்துபவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று அண்ணனுக்கு நினைவு வரவில்லை. பெயர், ஃபோன் நம்பர் என்று அவர் யாரிடம் கேட்டார்? முகம்தான் தெரியும். ஃபோனில் ஆர்டர் எடுக்கிற கம்பெனியாக இருந்தால் ஒரே நொடியில் எல்லாருக்கும் செய்தி போயிருக்கும். நாளை ஞாயிறு. எல்லாரும் கல்லுக்கு வருவார்கள். அதுவும் அந்தச் செத்த சாமானை நம்பிக் கீழ்க் கல் வரைக்கும் இறங்குவார்கள்.

மார்ச் 31, ஞாயிறு

இருட்டிலேயே கல்லுக்குப் போய்விட்டோம், நானும் கடை அண்ணனும். இனி அங்கே கால் வைப்பதில்லை என்றுதான் இருந்தேன். வேறு வழி?

கடைக் கதவில் அட்டை ஒன்றைக் கட்டிவிட்டு வந்திருந்தார். இங்கே லைஃப் ஜாக்கெட் வாங்கியவர்கள் அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம், தப்பு என்னுடையது என்று எழுதியிருந்தார். இப்படி எழுதினால் நாளைக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். வருகிறவர்களை மறிக்கப் பாதைப் பக்கம் போய் நின்றார்.

முடிதிருத்துபவர் முதலில் வந்தார். கேட்டவுடன் கழற்றி அண்ணன் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பெயிண்டர்கள் அப்படி இல்லை. பெரியவர் நம்பவே இல்லை. அண்ணன் விற்ற சாமான் தப்பாக இருக்காது என்று எங்களிடமே வாதாடினார். இதோ பாருங்க என்று கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

ஒன்றும் இல்லை. கிளிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மறுபடி இழுத்தார். தம்பி தன்னுடையதை இழுத்தான். அதுவும் கிளிக். பெரியவர் தம்பியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அப்படியே கல்லில் குந்திக்கொண்டார். நேற்று நாங்கள் ரெண்டு பேரும் அந்தக் கீழ்க் கல்லில் நின்றோம் என்று மட்டும் சொன்னார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெயில் ஏறும் வரை நின்றோம். இன்னொரு சிவப்பு ஜாக்கெட் வரவில்லை. வேறெங்காவது, வேறெந்தக் கரையிலாவது ஒருவன் அதை மாட்டிக்கொண்டு நிற்கிறானோ? யார் வீட்டுப் பிள்ளையோ?

ஏப்ரல் 2, செவ்வாய்

எழுத உட்கார்ந்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

சாயங்காலம் கடைக்குப் போய் அண்ணனைக் குடைந்தேன். நன்றாக யோசியுங்கள், ஆள் எப்படி, உயரமா, குட்டையா? கடை காலி. ஈ காக்கை இல்லை. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். மத்தியானத்தில் வந்தவர். மீன் பிடிக்கிற ஆள் மாதிரியே இல்லை. தூண்டில் ராடு பக்கம் திரும்பவில்லை. நேராக ஜாக்கெட்டைக் காட்டி, எங்க வீட்டில் கொஞ்சம் பூசின உடம்பு, பட்டை எட்டுமா என்று கேட்டாராம்.

யாருடைய பெண்டாட்டியோ பாவம் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் மேலே சொன்னார். "தண்ணிக்குள்ள விழுந்தா நிஜமாவே தூக்கிடுமான்னு நாலு தடவை கேட்டாரும்மா. கேட்கும்போதெல்லாம் வலது காலால தரையை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. கால்ல ஏதோ வலி போல."

அப்படியே தெருவில் இறங்கி ஓடினேன். அண்ணன் பின்னால் கூப்பிட்டது கேட்டது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

இவர் சோபாவில் இருந்தார். பேசாமல் இருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். எதை என்றுகூடக் கேட்கவில்லை. பரண் மேலிருந்து எடுத்துக்கொடுத்தார். பளபளக்கும் காகிதம் சுற்றி, நாடாகூடக் கட்டியிருந்தது. கல்யாண நாளுக்காம். தம்பி விழுந்த பிறகு, இனி இந்த வீட்டில் தூண்டிலே வேண்டாம் என்று பரணிலேயே விட்டுவிட்டாராம்.

பிரித்தேன். பச்சைத் துண்டு இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்லைன், கேன்சல், ஆறு ஜாக்கெட், கல், பெயிண்டர்கள். அவர் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். போலீசுக்குப் போவார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் மற்றவர்களிடமெல்லாம் அப்படித்தான் குதித்தார்.

"இதை நீ போட்டுக்கிட்டு கல்லுக்குப் போயிருப்ப. நீ பத்திரமா இருக்கன்னு நான் வீட்டுல உட்கார்ந்திருப்பேன்," என்றார். அப்புறம் ஜாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "தினமும் பிரேக்கை ஒரு தடவை மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கறேன். இதையும் இழுத்துப் பார்க்கணும்னுதான் கை துறுதுறுத்துச்சு. காகிதம் சுத்தியிருந்ததால விட்டேன். நானா இருந்தாலும் இழுத்துத்தான் பார்த்திருப்பேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். பூசின உடம்பாமே என்று நடுவில் கேட்டும்விட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு டம்ளர் டீ.

ஏப்ரல் 20, சனி

கொழுந்தனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். விஷயத்தைச் சொன்னேன். கேன்சல் பண்ண வைத்தது நான்தானே என்றும் சொன்னேன். விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கடை அண்ணன் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி கேட் வரை வந்து நின்றுவிட்டுப் போவார், ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், ஏன் உள்ளே வரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது என்றான்.

மே 5, ஞாயிறு

இப்போது சிரித்தால் மட்டும் விலாவைப் பிடித்துக்கொள்கிறான். ராடு, ரீல் எல்லாம் கடலோடு போய்விட்டதே, புதிதாக வாங்க வேண்டும் என்று காலையில் ஆரம்பித்தான். இத்தனைக்குப் பிறகுமா என்று எனக்குப் பகீரென்றது. கல்லுக்கு இல்லை, கரையிலிருந்து போடுவதற்காம். ஆர்டர் போடட்டுமா, கடைக்குப் போகலாமா, நீங்களே சொல்லுங்கள் என்றான். இங்கே வாங்கு, அங்கே வாங்கு என்று இனி யாருக்கும் சொல்கிற தைரியம் என்னிடம் இல்லை. இவர்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கடைக்கே போகலாம், நானும் வருகிறேன் என்றார்.

அந்த அட்டை இன்னும் கதவில் இருந்தது. அலமாரியெல்லாம் தூசி. அண்ணன் கொழுந்தனைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

ஒரு ராடு வேணும் அண்ணே என்றான் கொழுந்தன், ஒன்றுமே நடக்காதது போல.

அண்ணன் தன் இரண்டு கையையும் பார்த்தார். "ஃபோன்லயே பார்த்து வாங்கிக்கப்பா. என் கையால உனக்கு எதுவும் வேண்டாம்."

ஒரு கடைக்காரர் வாயிலிருந்து இதைக் கேட்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கொழுந்தன் வெளியே வந்துவிட்டான். நானும் வந்துவிட்டேன். இவர் மட்டும் வரவில்லை.

உள்ளே இவர் குரல் கேட்டது. "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. புதுசா கத்துக்கலாம்னு பார்க்கறேன். எதுல ஆரம்பிக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

கொழுந்தன் விலாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டோம்.

உள்ளே சத்தமே இல்லை. இவரும் கிளம்புவதாகக் காணோம். தெருவில் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரொம்ப நேரம் கழித்து, மேல் தட்டுக்கு ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அண்ணனின் குரல், மெதுவாக:

"உங்களுக்கு வலது கைப் பழக்கம்தானே?"